ஆறு தொட்டி அவரை

"ஹலோ... ஆமா, நான்தான். சொல்லு பெரில்... தோட்டத்துலதான் இருக்கேன்... எட்டு மணிக்கே வந்துட்டேன்... இல்ல இல்ல, கை வேலையா இல்ல, சொல்லு..."

கை வேலையாகத்தான் இருந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்பேசியை இடுக்கிக்கொண்டு நோரீன் சக்டன் தன் பட்டாணிச் செடிகளை ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கிக் கறுப்புப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊருக்கு மேலே, மலைச்சரிவில், நகரசபை பங்கு பிரித்து வாடகைக்கு விட்டிருக்கும் முப்பது தோட்டங்களில் பதினாலாம் எண் அவளுடையது. மார்ச் மாதம்வரை அது அவள் கணவன் லெஸ்லியுடையதாக இருந்தது.

இந்நேரம் பீன்ஸ் கொடி கம்பில் பாதி ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. நுனிகள் உள்பக்கமாகச் சுருண்டு, பிறந்த குழந்தையின் மூடிய கைபோல் இறுகிக் கிடந்தன. தக்காளி இலைகள் கரண்டியாகக் குழிந்திருந்தன. உருளைக்கிழங்கும் அப்படியே. வெங்காயமும் சோளமும் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல நிமிர்ந்து நின்றன. விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்த அடையாளம் போதும். போட்ட குதிரை எருவில், குதிரை தின்ற புல் வழியாக வந்த களைக்கொல்லி இருந்திருக்கிறது.

"...எனக்கும் மொத்தமும் போச்சு... தக்காளி, உருளை, எல்லாம்... ஸ்ட்ராபெரி பரவாயில்ல, அதுக்கு நான் எரு போடல. உன்னோடது?... அத்தனையுமா... கல்யாணத்துக்குன்னு வச்சிருந்தியே, அந்த வாசனைப் பட்டாணிப்பூ... அதுவுமா... முந்நூறு செடி... ம்... ம்... அழாத கண்ணு... சரி, அழல, ஜலதோஷம்தான், சரி... கடையில வாங்கிக்கலாம்டி, ஜூலைக்கு இன்னும் நாள் இருக்கு... தெரியும். அதுவும் இதுவும் ஒண்ணாகாது, தெரியும்."

பெரில் ஆக்ராய்டு தோட்டச் சங்கத்தின் செயலாளர். இருபத்திரண்டாம் எண் அவளுடையது. மகள் கல்யாணத்துக்குத் தன் கையால் வளர்த்த பூவைத்தான் கொடுப்பேன் என்று போன அக்டோபரிலேயே விதை போட்டுவைத்தவள்.

"...நாளைக்குத்தானே? பதினொரு மணி. பாத்தேன், கேட்டுல ஒட்டியிருந்துச்சு. 'அவசரக் கூட்டம்'னு எழுதறதுக்கு பதிலா 'அவரசக் கூட்டம்'னு எழுதியிருக்க... சும்மா சொன்னேன்... வர்றேன், வராம என்ன... என்ன வோட்டு?... யாரை வெளியேத்த?... கிளிஃபர்டையா?"

பை கையிலிருந்து நழுவியது. அவள் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"இரு, இரு. நிதானமா சொல்லு. கிளிஃபர்ட் என்ன பண்ணாரு?... எருவைக் கொண்டாந்தது அவருதான், அது ஊருக்கே தெரியும். பதினெட்டு வருஷமா அவரு தங்கச்சி மக குதிரை லாயத்துலேருந்து அவருதான் கொண்டாறாரு... ரெண்டாவது லோடா? யாரு சொன்னது?... ட்ரெவரா. ட்ரெவர் பாத்தானா?... பாக்கல. பாக்காமயே சொல்லிட்டான். போன வருஷம் பரிசுப் பூசணிக்குத் திருட்டுத்தனமா பால் ஊசி போட்டவன், இவன் நியாயம் பேசறானா... சரி, சரி, நீ சொல்லு, நான் வாயைத் திறக்கல... ம்... ம்... லெஸ்லி சோதிச்ச எரு சுத்தம். ம்... அப்ப அதுக்கப்புறம்தான் கிளிஃபர்ட் வேற எங்கேயோ கிடைச்சதைக் கொண்டாந்து குவியல்ல கலந்துருக்கணும்... அப்படின்னு முடிவு பண்ணிட்டீங்க."

அவள் இன்னொரு பட்டாணிச் செடியைப் பிடுங்கினாள்.

"ஆமா. லெஸ்லி சோதனை தப்பாது. ஆமாமா. நீ சொல்றது சரிதான்... தப்பாது."

ஆறு வருஷத்துக்கு முன்னால் நாலு தோட்டங்களில் இதேபோல் நடந்தபோது லெஸ்லிதான் அந்த விதியை எழுதினார். ஜனவரியில் எரு வரும். கேட்டுக்குப் பக்கத்தில் நீலத் தார்ப்பாயின் கீழ் கிடக்கும். அதில் யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது. மூன்று தொட்டியில் அந்த எரு, மூன்று தொட்டியில் நல்ல மண், ஒவ்வொன்றிலும் இரண்டு அவரை விதை. ஆறு தொட்டியும் லெஸ்லி வீட்டுச் சமையலறை ஜன்னலில் நாலு வாரம் இருக்கும். அவரை நிமிர்ந்து நின்றால் கேட்டில் இருக்கும் கரும்பலகையில் 'திறக்கலாம்' என்று எழுதுவார்கள். சுருண்டால் குவியல் வந்த வழியே திரும்பிப் போகும். சோதனையில்லாத எருவைத் தோட்டத்துக்குள் விட்டவருக்குப் பங்கு போய்விடும், மறுபேச்சு கிடையாது. எந்த வருஷம் எந்தத் தேதியில் முளைத்தது, எத்தனை இலை என்பதெல்லாம் ஒரு பச்சை நோட்டில் லெஸ்லியின் பொடி எழுத்தில் இருக்கும்.

"நோட்டா?... லெஸ்லி நோட்டு எதுக்கு?... ஓ. கூட்டத்துல படிக்கவா... தெரியல பெரில், எங்க வச்சாரோ. தேடணும்... அவரு துணியெல்லாம் இன்னும் அப்படியே கிடக்கு, நான் ஒண்ணையும் தொடல... ம். ம், தேடறேன்."

நோட்டு அவள் மேல்கோட்டுப் பையில் இருந்தது. மூன்று வாரமாக அங்கேதான் இருக்கிறது. இந்த வருஷத்துப் பிப்ரவரிப் பக்கத்தில் தேதி மட்டும், லெஸ்லியின் கை நடுங்கிய எழுத்தில். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"ஏன் பெரில், வோட்டு போட்டா ஜெயிச்சிருமா?... எத்தனை பேரு கையெழுத்து போட்டிருக்காங்க?... பத்தொம்பது. அப்ப போயிரும்... நான் பரிஞ்சு பேசல. சொல்றேன். முப்பத்தோரு வருஷம் அந்தாளு இங்க இருக்காரு. வீடுன்னு ஒரே ஒரு ரூம், மூணாவது மாடி, ஜன்னலைத் திறந்தா கார் நிறுத்தற இடம். மத்தியான ரொட்டியைக்கூட இங்க வந்துதான் பிரிக்கறாரு... எழுபத்தாறு. மறுபடியும் பேரைக் கொடுத்துக் காத்திருந்தா எப்பக் கிடைக்கும்? நீதானே லிஸ்டு வச்சிருக்க... நாலு வருஷம். எண்பது வயசுல வந்து கோரைப் புல்லைத் தோண்டுவாரா?... கோபம் இருக்கும்தான். யாருக்கு இல்ல."

வேலிக்கு அந்தப் பக்கம் பதினைந்தாம் எண்ணில் கிளிஃபர்ட் பார்ன்ஷா, வாளியும் கையுமாகத் தன் பீன்ஸ் வரிசைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கம்பின் அடியிலும் நின்று, எண்ணி ஊற்றுவதுபோல ஊற்றினார். அந்தக் கொடிகளும் சுருண்டவைதான்.

"இங்கதான் இருக்காரு. பக்கத்துல... கேக்காது, காத்து அந்தப் பக்கத்துலேருந்துதான் அடிக்குது... தண்ணி ஊத்தறாரு... ஆமா, அதுக்குத்தான். செத்ததுக்குத்தான்... நேத்து குழாய்ல வாளியை வச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள யாரோ வாளியை எடுத்து ஓரமா எறிஞ்சுட்டாங்க. அவரு ஒண்ணும் சொல்லல. போயி எடுத்துக்கிட்டு வந்து மறுபடியும் வரிசையில நின்னாரு... நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஆமா, நானும் ஒண்ணும் சொல்லல."

மறுமுனையில் பெரில் நீளமாக ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். நோரீன் பிடுங்கிய ஒரு செடியின் வேரிலிருந்து மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"...வியாழக்கிழமையா? கமிட்டி முன்னால கூப்பிட்டுக் கேட்டீங்களா? நல்லது. என்ன சொன்னாரு?... ஒரே லோடுதான்னாரு. அதான் நானும்... அப்புறம்?... என்னது?... பெரில், அதைத் திருப்பிச் சொல்லு. மெதுவா... பாத்தேன்னா? அவரே சொன்னாரா?... அவரைச் செடியை. எங்க வீட்டு ஜன்னல்ல. தன் கண்ணால... நிமிர்ந்து நின்னுச்சுன்னு."

அவள் தலையைத் தூக்கி வேலிக்கு அப்பால் பார்த்தாள். கிளிஃபர்ட் வாளியின் அடித் தண்ணீரைக் கடைசிக் கம்புக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வார்த்தையால் அவர் தன்னையே முடித்துக்கொண்டிருந்தார். அவரைச் செடி நிமிர்ந்து நின்றது உண்மையானால் எரு சுத்தம். எரு சுத்தமானால் பிறகு கெடுத்தது அவர். கமிட்டியில் இருந்த ஐந்து பேருக்கும் அதற்குமேல் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

"பெரில்... அவரு பொய் சொல்றாரு... இல்ல. இல்ல, நீங்க நினைக்கற பொய் இல்ல. குறுக்க பேசாத. குறுக்க பேசாம கேளு, நடுவுல நிறுத்தினா எனக்கு மறுபடியும் வராது... அவரு எதையும் பாக்கல. பாக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல. நான் விதைக்கவே இல்ல."

காற்று தகரக் கொட்டகையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது.

"ஆமா... ஆமா, ஆறு தொட்டியும்தான்... ஒண்ணுகூட இல்ல. தொட்டியெல்லாம் கொட்டகையில கவுத்து வச்சபடியே இருக்கு. இதோ, இங்கேருந்தே தெரியுது... நோட்டும் என்கிட்டதான் இருக்கு. தேடணும்னு சொன்னதும் பொய்."

அவள் கவிழ்ந்து கிடந்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"பிப்ரவரி ஒண்ணாந்தேதி சொன்னாரு. என்னால எழுந்திருக்க முடியல நோரீன், இந்த வருஷம் நீ போட்டுருன்னு. சரின்னேன். அன்னிக்குத்தான் நர்ஸ் வந்து முதல்முதலா அந்த மருந்து மிஷினை மாட்டினா. மறுநாள் முழுக்க வாந்தி. அதுக்கு மறுநாள் ஆம்புலன்ஸ். மறந்துட்டேன் பெரில். அவ்வளவுதான். சொல்றதுக்கு வேற பெரிய காரணம் ஒண்ணும் இல்ல... ம்... வீட்டுக்கு வந்தப்புறம் கேட்டாரு, முளைச்சுதான்னு. அந்த முகத்தை நீ பாத்திருக்கணும். முளைச்சுதுன்னேன்... நாளைக்கே போட்டுரலாம், நாலு நாள் தள்ளிக் கணக்குச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். மறுநாள் போட்டேனா? போடல. சாயங்காலமானா கேப்பாரு. எத்தனை இலை, எந்தத் தொட்டி உசரம். நானும் சொல்வேன். இன்னிக்கு நாலு இலை. ஓரத்துல இருக்கறது கொஞ்சம் சாயுது, குச்சி வச்சு விட்டேன். அப்படி... அதை மட்டும்தான் கேட்டாரு. ஸ்கேன் என்னாச்சுன்னு ஒரு நாள் கேட்டதில்ல. டாக்டர் வெளிய நின்னு என்கிட்ட என்ன பேசினாருன்னு கேட்டதில்ல. அவரைச் செடி எவ்வளவு உசரம்னு கேட்டாரு."

"...இரு, முடிச்சுடறேன்... ஒரு நாள் எனக்கு அளவே மறந்துபோயி, முழங்கால் உசரம்னு சொல்லிட்டேன். மூணு வாரத்துல முழங்கால் உசரம். நாப்பது வருஷம் அவரை விதை போட்ட மனுஷன் அவரு. சிரிச்சாரு. நல்ல விதைன்னாரு... நம்பிட்டாரு பெரில். அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது, இவரு இனிமே எழுந்திருக்கப் போறதில்லன்னு. டாக்டர் அத்தனை தடவ சொல்லியும் மண்டையில ஏறாதது அன்னிக்கு ஏறுச்சு."

பெரில் என்ன கேட்டாளோ, நோரீன் தலையை ஆட்டினாள், தொலைபேசியில் அது தெரியாது என்பதை மறந்து.

"கிளிஃபர்ட் வந்தது மார்ச் முதல் ஞாயித்துக்கிழமை. லெஸ்லிதான் சொன்னாரு அவருகிட்ட, எல்லாம் கம்பி மாதிரி நிக்குது, குவியலைத் திறந்துடுன்னு. நான் கட்டில் மூலையில நின்னு மடிச்ச துணியையே திருப்பி மடிச்சுக்கிட்டிருக்கேன். மாடிப்படியில இறங்கறப்ப அவருகிட்ட சொல்லியிருக்கலாம். பதிமூணு படி. சொல்லல... அவரு நேரா சமையல்கட்டுக்குப் போயி, மூணு பேரு டீ குடிச்ச கப்பையும் கழுவினாரு. கழுவி, ஜன்னல்ல கவுத்தாரு... ஜன்னல்லடி. தொட்டி இருக்க வேண்டிய இடத்துல, வரிசையா மூணு கப்பு... கேக்கல. ஒரு வார்த்தை கேக்கல. கையைத் தொடச்சுக்கிட்டே என்னை ஒரு பார்வை பாத்தாரு, தொப்பியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. பதினெட்டு வருஷமா நல்லா இருந்த எரு இந்த வருஷம் மட்டும் என்ன பண்ணிடும்னு நினைச்சிருப்பாரு. நானும் அதையேதான் நினைச்சேன். போன கோடையில மழையில புல்லு அழுகிப்போயி அந்த லாயத்துப் பொண்ணு வேற பண்ணையில களைக்கொல்லி அடிச்ச தீனி வாங்கினது யாருக்குத் தெரியும்?... போர்டா? போர்டுல எழுதினது நான். மருந்துக்கடைக்குப் போற வழியில நின்னு, சாக்பீஸ் எடுத்து, 'திறக்கலாம்'னு. வீட்டுக்குப் போனதும் அதையும் கேட்டாரு, பெருசா எழுதினியான்னு. மூணு நாள்ல குவியல் காலி."

நோரீன் செல்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இணைப்பு இருந்தது.

"பெரில்?... இருக்கியா?... திட்டு. திட்டணும்னா திட்டிரு... முந்நூறு செடி, தெரியும்... இருபத்தாறு பேரு தோட்டம், தெரியும்... மண்ணு தேற ரெண்டு வருஷம் ஆகும். தெரியும், நான் சின்னக் குழந்தையா... மே மாசம் முதல் இலை சுருண்டப்பவே தெரியும் எனக்கு... ஏன் சொல்லலன்னா... இன்னிக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு இருந்துட்டேன். அவருகிட்ட இருந்த மாதிரியே... ஆமா. கோழைதான். நீ சொன்னா என்ன, நானே சொல்லிக்கறேன்... கிளிஃபர்டோட வாளியை எறிஞ்சப்ப பாத்துக்கிட்டு நின்னவதானே."

பெரில் கோபத்தில் பேசினாள், பிறகு அழுதாள், பிறகு மூக்கைச் சிந்தினாள். அதன்பின் அவள் குரல் தணிந்து, செயலாளரின் குரலாக, காரியம் பேசும் குரலாக மாறியது. நோரீன் அதைக் கேட்கக் கேட்க மெல்ல எழுந்து நின்றாள்.

"...என்னது?... யாருகிட்டயும் சொல்லாம... நோட்டு கிடைக்கலன்னு சொல்லிடறதா... வோட்டை நீ தள்ளி வச்சிருவியா... கிளிஃபர்டுக்கு எச்சரிக்கை மட்டும்... பெரில், நீ நல்ல மனசுல சொல்ற. எனக்குத் தெரியுது. ஆனா அதுக்கப்புறம் அவரு யாரு இங்க? களவாணித்தனமா எரு கலந்தும் மன்னிச்சு விடப்பட்ட கிழவன். மிச்ச நாள் பூரா வாளியை எறிவாங்க... லெஸ்லி பேரா. லெஸ்லி பேருக்கு என்ன. அவரு ஏமாந்தாரு. ஏமாத்தினது பொண்டாட்டி. அப்படியே எழுது, கூட்டக் குறிப்புல. எழுத்துப் பிழையில்லாம எழுது... சிரிக்கல. நானும் சிரிக்கல."

"...விதி என்னன்னு உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். புருஷன் எழுதின விதி, பொண்டாட்டிக்கு வேற சட்டமா... பதினாலாம் நம்பர், ஆமா. சாவியை நாளைக்கே கொண்டாறேன்... என்ன பண்ணுவேனா. வீடு இருக்கு. படி இருக்கு. ஏறி இறங்குவேன்... அந்த லிஸ்டுல முதல் பேரு யாரு?... குழந்தை இருக்கா? நல்லது. தக்காளி போடவேண்டாம்னு சொல்லு, ரெண்டு வருஷத்துக்கு. சோளம் போடச் சொல்லு."

அவள் வெங்காய வரிசையின் ஓரம்வரை நடந்து போய் நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிரு... அந்த வெங்காயம். அது அக்டோபர்ல அவரு நட்டது. முட்டி போட்டுக்கிட்டு, மூச்சு வாங்கி வாங்கி, ரெண்டு வரிசை. ஜூலைக்குள்ள முத்திரும். அது வரைக்கும் மட்டும் விடச் சொல்லு. ஒரு மாசம்... கேட்டுப் பாரு. கெஞ்சாத. கேட்டுப் பாரு... ம். சரி."

வேலிப்பக்கம் தகரம் உரசும் சத்தம் கேட்டது. கிளிஃபர்ட் வாளியைக் கீழே வைத்திருந்தார். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ தெரியவில்லை. தண்ணீர் நின்று வெகுநேரமாகியிருந்தது.

"இரு பெரில். கிளிஃபர்ட் வர்றாரு... கேட்டிருக்கும்போல. நான்தான் சத்தமா பேசிட்டேனே... வேலிக்கிட்ட வந்துட்டாரு. தலையை மட்டும் ஆட்டறாரு... வேண்டாம்கிற மாதிரி... கையை நீட்டறாரு."

கிளிஃபர்டின் கை வேலிக்கு மேலே வந்து, உள்ளங்கை மேல்நோக்கி நின்றது. விரல் இடுக்குகளில் ஈர மண்.

"போனைக் கேக்கறாரு."

அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"வேண்டாம் கிளிஃபர்ட். நான் சொல்லிட்டேன்... சொல்லிட்டேங்க. நீங்க போயி உக்காருங்க... உன்கிட்ட இல்ல பெரில், அவருகிட்ட சொல்றேன்... இல்ல, குடுக்க மாட்டேன். குடுத்தா என்னைக் காப்பாத்த என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும். பாவம் துக்கத்துல உளர்றா, ஆறு தொட்டியையும் நான் பாத்தேன், ஜம்முனு நின்னுச்சும்பாரு. நீயும் நம்பிருவ. நம்பணும்னுதானே உனக்கும் இருக்கு... இருக்கு, பெரில். எனக்கும்தான் இருக்கு."

"...பதினொரு மணிக்கு வர்றேன். வேற யாரும் வாயைத் திறக்கறதுக்கு முன்னால என்னைப் பேச விடு. அது ஒண்ணு மட்டும் பண்ணு."

வேலிக்கு மேலே நீண்ட கை இன்னும் இறங்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நோரீன் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.